சர்வோதயபுரம் கற்பித்த பாடம்

கேரளத்தில் ஆலப்புழை நகரத்தின் எல்லைக்கு வெளியே சர்வோதயபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. "சர்வோதயம்" என்ற சொல்லை நம் தேசத்தின் பேச்சில் புகுத்தியவர் மகாத்மா காந்தி. ரஸ்கின் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலொன்றைத் தென்னாப்பிரிக்காவில் படித்து மனம் மாறிய அவர், 1908-ம் வருஷம் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதியபோது அதற்கு இட்ட பெயர் அது. எல்லோரும் வாழ வேண்டும், கடையனுக்குக் கிட்டாத வாழ்வு வாழ்வாகாது என்பது அச்சொல்லின் கருத்து.

இவ்வளவு உயர்ந்த பெயரைத் தாங்கிய அவ்வூருக்குப் பக்கத்து நகரம் பல வருஷ காலம் என்ன கொடுத்து வந்தது? தன் குப்பையைக் கொடுத்து வந்தது. நகரவாசிகள் தின்று கழித்ததும், உரித்து எறிந்ததும், கிழித்துப் போட்டதும் ஒன்றாய்க் கலந்து லாரிகளில் ஏறி நாள்தோறும் சர்வோதயபுரம் போய்ச் சேர்ந்தன. நாற்றமும் ஈயும் கொசுவும் அவ்வூராருக்கு. சுத்தமான வாசற்படி நகரத்தாருக்கு. ஊரார் முறையிட்டார்கள், வாக்குறுதிகள் பெற்றார்கள், வாக்குறுதிகள் காற்றில் பறந்தன. கடைசியில் 2012-ம் வருஷ வாக்கில் அவர்கள் பொறுமை எல்லை கடந்தது. சாலையில் நின்று குப்பை லாரிகளை மறித்தார்கள். "உங்கள் குப்பையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்பதே அந்த மறியலின் பொருள்.

இந்த மறியலை ஒரு சிறு ஊரின் சச்சரவென்று ஒதுக்கிவிட முடியாது. நம் தேசத்திலுள்ள ஒவ்வொரு நகரமும், முக்கியமாகக் கடற்கரை நகரமும், என்றாவது ஒரு நாள் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வியை அது எழுப்பிற்று. ஓர் ஊர் சுத்தமாக இருப்பதற்காக மற்றோர் ஊரை அசுத்தமாக்கும் உரிமை யார் தந்தது? ஆலப்புழை அக்கேள்விக்குச் சொன்ன பதில் நம்மவர் அறிந்து ஆராயத்தக்கது.

கடலுக்கும் ஏரிக்கும் நடுவே

ஆலப்புழையின் இருப்பிடத்தை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். மேற்கே அரபிக்கடல், கிழக்கே வேம்பநாட்டுக் காயல், நடுவே மணல் மேட்டில் நகரம். திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் 18-ம் நூற்றாண்டில் அதைத் துறைமுகமாக வளர்த்தார். சரக்குப் படகுகள் செல்வதற்காக வெட்டப்பட்ட கால்வாய்கள் இன்றும் நகரத்தின் ஊடே ஓடுகின்றன. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கே 1 லட்சத்து 74 ஆயிரம் பேர் வசித்தார்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் குப்பையைப் புதைப்பது எளிதன்று. சில அடி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். புதைத்த குப்பையின் கசிவு கிணற்றில் இறங்கும். கால்வாயில் எறிந்தால் காயலுக்குப் போகும். காயலிலிருந்து கடலுக்குப் போகும். கடல் அதை அலையோடு கொண்டுவந்து மறுபடி கரையிலேயே போடும். மேட்டு நிலத்து நகரம் தன் குப்பையைச் சில காலம் மறைத்து வைக்கலாம். கடற்கரை நகரத்துக்கு அந்த வசதியும் கிடையாது.

ஆயினும் குப்பை என்று உலகம் ஒதுக்குவதைப் பொருளாக மாற்றும் வித்தை ஆலப்புழைக்குப் புதிதன்று. அந்நகரத்தின் செல்வமே தேங்காய் மட்டையில் பிறந்தது. தேங்காயை உடைத்துப் பருப்பை எடுத்தபின் மட்டையைத் தூக்கி எறிவது மற்றவர் வழக்கம். அந்தக் கரையோரத்து மக்களோ மட்டையைக் காயல் நீரில் ஊறவைத்து, அடித்து, நாரைப் பிரித்து, கயிறாகத் திரித்தார்கள். 1859-ம் வருஷம் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிற்றுப்பாய் நெய்யும் தொழிற்சாலையை ஆரம்பித்தார். அதன்பின் ஆலப்புழைக் கயிறும் மிதியடிப் பாயும் கப்பலேறி உலகெங்கும் சென்றன. நார் எடுத்தபின் மிஞ்சும் சோறுகூட, ஒரு காலத்தில் மலைபோல் குவிந்து கிடந்தது போக, இப்போது செடி வளர்க்கும் ஊடகமாக விலைபோகிறது. நாரையும் சோற்றையும் பிரிக்காமல் ஒரே குவியலாக விட்டிருந்தால் இரண்டும் அழுகல்தான். பிரித்ததனால் இரண்டும் பொருளாயின. மறுசுழற்சி என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாடு முழுவதும் இந்த ஒரே வார்த்தையில் அடங்கிவிடும்: பிரிப்பது.

லாரி நின்றது; யோசனை பிறந்தது

சர்வோதயபுரத்தார் மறித்தபின் முதலில் நேர்ந்தது நல்லதன்று. குப்பை தெருமுனைகளில் குவிந்தது; கால்வாய்களில் மிதந்தது. 2006-ம் வருஷம் சிக்குன்குனியா காய்ச்சல் ஆலப்புழை ஜில்லாவைப் படுத்திய பாட்டை ஜனங்கள் மறக்கவில்லை. தேங்கிய நீரும் அழுகிய குப்பையும் எதைக் கொண்டுவரும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வேறு நகரமாக இருந்தால் வேறொரு சர்வோதயபுரத்தைத் தேடியிருக்கும். எதிர்த்துப் பேசத் திராணியற்ற ஏழை ஊர் ஏதாவது கிடைக்காமலா போகும்? அல்லது போலீஸ் காவலுடன் லாரியை ஓட்டியிருக்கும். ஆலப்புழையில் அவ்வாறு நடக்கவில்லை. அப்போது அந்நகரின் சட்டசபை அங்கத்தினராக இருந்த தாமஸ் ஐசக் அதற்கு முந்தின பத்து வருஷ காலம் மாராரிக்குளம் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவர். குப்பையை அனுப்பியவர், பெற்றவர் ஆகிய இரு தரப்பாரின் குறையையும் அறிந்தவர். அவருடைய முயற்சியில் நகரசபை 2012-ம் வருஷக் கடைசியில் "நிர்மல பவனம், நிர்மல நகரம்" என்ற திட்டத்தைச் சில வார்டுகளில் ஆரம்பித்தது. வீடு சுத்தமானால் நகரம் சுத்தமாகும் என்பது பெயரிலேயே விளங்குகிறது.

திட்டத்தின் சாரம் மிக எளியது. குப்பையை ஓரிடத்தில் குவித்து, பிறகு என்ன செய்வதென்று யோசிப்பது பழைய முறை. குப்பை பிறக்கும் இடத்திலேயே அதன் கணக்கைத் தீர்ப்பது புதிய முறை. நம் தேசத்து நகரங்களின் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறைக் கழிவும் இலை தழையும்தான். இவ்வளவும் மண்ணில் பிறந்து மண்ணுக்குத் திரும்ப வேண்டியவை. இவற்றை லாரியில் ஏற்றி மைல் கணக்காகக் கொண்டுபோவது, தண்ணீரை டீசல் செலவிட்டுச் சுமப்பதேயாகும். ஆகவே இடமுள்ள வீடுகளில் சிறு எரிவாயுக் கலங்களும், மண்ணில் நட்டு உரமாக்கும் குழாய்களும் அமைக்கப்பட்டன. செலவில் பெரும் பகுதியைச் சர்க்காரும் நகரசபையும் ஏற்றுக்கொண்டன. காலையில் காய்கறித் தோலும் பழைய சோறும் கலத்துக்குள் போகும். மாலையில் அதிலிருந்து எழும் வாயுவில் அடுப்பு எரியும்.

இடமில்லாத வீடுகளுக்கும் கடைவீதிக்கும் வேறு வழி செய்தார்கள். திருச்சூர் ஜில்லாவில் தும்பூர்முழி என்ற இடத்தில் கேரள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே வகுக்கப்பட்ட முறை இது. பக்கங்களில் காற்றுப் புக இடைவெளி விட்டு நாலடிச் சதுரமாக ஒரு பெட்டி கட்டுவார்கள். அடியில் சாணம், அதன்மேல் காய்ந்த சருகு, அதன்மேல் உணவுக் கழிவு. மறுபடி சாணம், சருகு, கழிவு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். உள்ளே சூடு 70 டிகிரி வரை ஏறும். அந்தச் சூட்டில் நோய்க்கிருமியும் ஈப்புழுவும் சாகும். சுமார் 90 நாட்களில் மண்வாசனை வீசும் உரம் கிடைக்கும். சரியாக அடுக்கினால் நாற்றம் இருக்காது. முன்பு குப்பை மேடாக இருந்த தெருமுனைகளிலே இப்பெட்டிகள் எழுந்தன. நகரசபையின் துப்புரவு ஊழியர்களே அவற்றைக் கவனித்தார்கள்.

நிற்க. இம்முறையில் அந்நியச் சரக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1920-களில் இந்தூரில் ஆராய்ச்சி நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட் துரை, இந்தியக் குடியானவர்களின் பழக்கத்தைப் பார்த்துக் கற்றே தம் கம்போஸ்டு முறையை வகுத்து, 1931-ம் வருஷம் நூலாக வெளியிட்டார். காந்தியடிகள் தம் "ஹரிஜன்" பத்திரிகையில் கிராமங்களுக்கு அதையே எடுத்துரைத்தார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, இயற்கை எதையும் வீணாக்குவதில்லை, வீணாக்கும் பொருளாதாரம் நிலைத்து நிற்காது என்று வாழ்நாள் முழுவதும் வாதித்தார். ஆலப்புழை செய்தது அந்தப் பழைய உபதேசத்தை நகரத்துக் குழாயிலும் பெட்டியிலும் அமைத்துக் காட்டியதுதான்.

ஈரம் பிரிந்தால் மற்றது பிழைக்கும்

இதில் மறுசுழற்சி எங்கே வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். ஈரக் குப்பை விலகியதுதான் மறுசுழற்சியின் தொடக்கம். ஒரு தினசரிப் பத்திரிகை காய்ந்திருந்தால் பழைய பேப்பர்காரர் எடை போட்டு வாங்குவார். அதே பத்திரிகையில் சாம்பார் கொட்டினால் யாரும் தொடமாட்டார்கள். அட்டைப் பெட்டி, தகரம், கண்ணாடி, பிளாஸ்டிக் புட்டி ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் இதுவே கதை. சுத்தமாக இருக்கும்வரை அது சரக்கு. எச்சிலோடு கலந்த கணமே அது குப்பை. உணவுக் கழிவுக்கும் அதே கதிதான். அதில் கண்ணாடித் துண்டும் பாலித்தீன் பையும் விழுந்தால் எந்தக் குடியானவனும் அதை உரமென்று வயலில் போடமாட்டான். கலப்பதனால் இரண்டு செல்வங்களை ஒரே வீச்சில் அழிக்கிறோம்.

இந்த உண்மையை உணர்ந்து நடந்ததன் பலன் சில வருஷங்களில் தெரிந்தது. டில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையம் 2016-ம் வருஷம் சுத்தமான நகரங்களை ஆராய்ந்தபோது ஆலப்புழையைப் பஞ்சிம், மைசூர் ஆகியவற்றோடு முன்வரிசையில் வைத்தது. மறு வருஷம் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்தில் ஐந்து நகரங்களை எடுத்துக்காட்டாகக் கூறியபோது ஜப்பானின் ஒசாகா, மலேயாவின் பினாங்கு முதலியவற்றோடு ஆலப்புழையின் பெயரையும் சொல்லிற்று. பெரும் செல்வமோ பெரும் இயந்திரமோ இல்லாத ஊருக்கு இப்பெருமை கிடைத்தது.

குறையே இல்லை என்று சொல்ல நாம் முன்வரவில்லை. எரிவாயுக் கலத்தை அமைப்பது ஒரு நாள் வேலை. அதைப் பழுதின்றிக் காப்பது வருஷம் முழுவதும் வேலை. பழுது பார்க்க ஆள் வராத வீட்டில் கலம் மூலையில் கிடக்கும், குப்பை மறுபடி தெருவுக்கு வரும். மழைக்காலத்தில் பெட்டிக்குச் சருகு கிடைப்பது கடினம். கால்வாய்களின் அசுத்தமும், காயலில் திரியும் உல்லாசப் படகுகளின் கழிவும் இன்னும் பூரணமாகத் தீர்ந்த விஷயங்கள் அல்ல. ஆனால் இக்குறைகளெல்லாம் கவனிப்புக் குறைவினால் வருபவை. முறையின் குற்றத்தால் வருபவை அல்ல.

முறையே தவறானால் என்ன நேரும் என்பதற்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள கொச்சி நகரம் சாட்சி சொல்லும். ஆலப்புழையைவிடப் பன்மடங்கு பெரிய, பணவசதி படைத்த துறைமுகம் அது. தன் குப்பையைப் பிரம்மபுரம் என்ற இடத்தில் மலையாகக் குவித்து வந்தது. 2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் 2-ந் தேதி அம்மலை தீப்பிடித்தது. பத்து நாட்களுக்கு மேல் எரிந்தது. விஷப் புகை நகரத்தை மூடிற்று. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட வேண்டியதாயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நகரசபைக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் போட்டால் குப்பை போய்விட்டதென்று எண்ணிய நகரத்தாரின் மூக்கிலேயே அது புகையாகத் திரும்பி வந்தது.

கை அழுக்கானவர்களின் உரிமை

பிரித்து வைப்பது வீட்டாரின் கடமை. பிரித்ததை வாங்கிச் சென்று, மறுபடி இனம் பிரித்து, விற்பனைக்கு அனுப்புவது யார்? கேரளத்தில் இவ்வேலையை ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் அணி செய்துவருகிறது. 1998-ம் வருஷம் தோன்றிய குடும்பஸ்ரீ மகளிர் சங்கங்களிலிருந்து வந்தவர்கள் இவர்கள். வீடு வீடாகச் சென்று, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, மாதச் சந்தாவும் பெற்றுக்கொள்கிறார்கள்.

இவர்களுடைய நிலைமையை விளக்க ஒரு சம்பவம் போதும். மலப்புறம் ஜில்லாவில் பரப்பனங்காடி என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. 2023-ம் வருஷம் ஜூலை மாதம் அவ்வூரின் சேனையைச் சேர்ந்த 11 பெண்கள் சேர்ந்து ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள். சீட்டின் விலை 250 ரூபாய். தனியாக வாங்க ஒருவரிடமும் பணம் இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்தே வாங்கினார்கள். அந்தச் சீட்டுக்குப் பத்துக் கோடி ரூபாய் பரிசு விழுந்தது. தேசம் முழுவதும் பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் வெளியிட்டன. அப்போதும் அப்பெண்கள், இந்த வேலையை விடப்போவதில்லை என்று சொன்னார்கள்.

லாட்டரி நல்ல வழியென்று நாம் கூற வரவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு நகரத்தையே சுத்தமாக வைத்திருக்கும் 11 பேரிடத்தில் 250 ரூபாய் தனித்தனியே இல்லாமற்போனது ஏன்? அதிர்ஷ்டம் ஒரு முறை அவர்களைத் தேடி வந்தது. நியாயம் மாதந்தோறும் வந்திருக்க வேண்டாமா? குப்பை பொறுக்குபவர் என்று நாம் ஏளனமாகப் பார்க்கும் மனிதர் பொறுக்கிக் கொடுப்பதனால்தான் காகித ஆலைக்கும் இரும்பு உலைக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கும் மூலப்பொருள் கிடைக்கிறது. நகரத்தின் செலவு குறைகிறது, கடல் பிழைக்கிறது. இத்தனை லாபத்தில் அவருக்குரிய பங்கு எங்கே? கையுறை, காலணி, நிழலுள்ள தரம்பிரிக்கும் கூடம், நோய்க்கு வைத்தியம், நிச்சயமான கூலி என்பவற்றைத் தானமாக நினைத்துக் கொடுக்கலாகாது. அவை அவர்கள் உழைத்துச் சம்பாதித்த உரிமை. இவை இல்லாத மறுசுழற்சித் திட்டம், சர்வோதயபுரத்துக்குச் செய்த அநீதியை ஓர் ஊரிலிருந்து எடுத்து ஒரு வகுப்பாரின் தலையில் ஏற்றுவதேயாகும்.

வலையில் விழுந்த பிளாஸ்டிக்

கரையில் தவறியது கடலுக்குப் போகிறது. கடலில் போனதையும் மீட்கலாம் என்று காட்டியது கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரைத் துறைமுகம். மீன்பிடி விசைப்படகுகளின் வலையில் மீனோடு பிளாஸ்டிக்கும் அகப்படுவது அங்கே நெடுநாள் அனுபவம். மீனவர் மீனை எடுத்துக்கொண்டு மற்றதைக் கடலிலேயே திரும்ப எறிந்து வந்தார்கள். எறியாமல் கரைக்குக் கொண்டுவந்தால் அதை வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே! 2017-ம் வருஷம் கேரள சர்க்கார் "சுசித்துவ சாகரம்" என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. படகுகளுக்குப் பைகள் கொடுத்தார்கள். அகப்பட்ட பிளாஸ்டிக்கை மீனவர் அதில் கட்டிக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் மீனவப் பெண்கள் அதைக் கழுவிப் பிரித்தார்கள். இயந்திரம் அதைத் துண்டு துண்டாக்கிற்று. துண்டுகள் சாலை போடப் பயன்பட்டன. முதல் பத்து மாதங்களில் கரையேறியது சுமார் 25 டன்.

பிளாஸ்டிக்கைச் சாலைக்கு உபயோகிக்கும் முறை மதுரையில் பிறந்தது என்பது தமிழர் பெருமைப்படத்தக்க செய்தி. தியாகராசர் பொறியியற் கல்லூரியின் ரசாயனப் பேராசிரியர் இரா. வாசுதேவன் அதைக் கண்டார். சுமார் 160 டிகிரிக்குக் காய்ச்சிய ஜல்லியின்மீது பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவினால் அவை உருகிக் கல்லின்மேல் மெல்லிய உறையாகப் படியும். அதன்மேல் தாரைக் கலந்தால் நன்றாகப் பற்றிக்கொள்ளும். மழைநீர் எளிதில் உள்ளே புகாது. 2018-ம் வருஷம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. ஆயினும் எல்லாப் பிளாஸ்டிக்கும் இதற்கு உதவாது. பி.வி.சி. என்ற இனத்தைக் காய்ச்சினால் விஷவாயு எழும். இங்கும் முதல் வேலை பிரிப்பதுதான்.

பிரித்தும் விலைபோகாத சரக்கும் உண்டு. தின்பண்ட உறைகளில் பல, பிளாஸ்டிக்கும் உலோகத் தகடும் படலம் படலமாக ஒட்டப்பட்டவை. அவற்றைப் பிரித்தெடுப்பது அரிது. பழைய சாமான்காரர் தொடுவதில்லை. இவ்வகையில் பொறுப்பு வீட்டாரோடு நிற்கக் கூடாது. விற்று லாபம் பெறும் கம்பெனி, தான் விற்ற உறையைத் திரும்பப் பெறும் செலவையும் ஏற்கவேண்டும். மத்திய சர்க்கார் 2022-ம் வருஷம் வெளியிட்ட விதிகள் இக்கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்தின. விதி காகிதத்தில் இருக்கிறது. அதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவது ஜனங்களின் விழிப்பு.

திரும்பக் கொடுத்தால் காசு என்ற ஏற்பாடு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நீலகிரி ஜில்லா அத்தாட்சி. காலி மதுப்புட்டிகள் காட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைக் கண்ட சென்னை ஹைகோர்ட்டு 2022-ம் வருஷம் உத்தரவிட்டதன்பேரில், புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைத் தந்தவுடன் திருப்பிக் கொடுத்தார்கள். மிகப் பெரும் பகுதிப் புட்டிகள் திரும்பி வந்தன. மது விற்கலாமா என்ற வாதம் வேறு; அதை இங்கே நாம் எடுக்கவில்லை. பத்து ரூபாய் மதிப்புப் பெற்ற புட்டி காட்டில் கிடப்பதில்லை என்பதே நமக்கு வேண்டிய பாடம். மலைக்குப் பொருந்தியது மணலுக்கும் பொருந்தும்.

சில ஆட்சேபணைகள்

"நம் ஜனங்கள் பிரித்து வைக்கமாட்டார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். பழைய பேப்பரையும் பால் உறையையும் எண்ணெய் டின்னையும் தனித்தனியே சேர்த்து வைத்து, எடைக்குப் போட்டுக் காசு வாங்கும் குடும்பம் நம் நாட்டில் எது? தாய்மார்களுக்குப் பிரிக்கத் தெரியாது என்பது பொய். அவர்கள் பிரித்து வைத்ததை நகரசபை வண்டி ஒரே தொட்டியில் கொட்டிக் கலப்பதைக் கண்ட பிறகே அவர்கள் மனம் சலித்தார்கள். முதலில் திருந்த வேண்டியது வண்டி.

"பெரிய உலை கட்டி எரித்தால் தொல்லை தீருமே" என்பர் வேறு சிலர். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரம். ஈர விறகு அடுப்பில் புகைவதை அறியாதவர் யார்? அதை எரிப்பதற்கே வெப்பம் செலவாகும். காய்ந்ததை மட்டும் எரிக்கலாமென்றால், அது விற்கக்கூடிய சரக்கு. அதைச் சாம்பலாக்குவது ஏழையின் வரும்படியைச் சாம்பலாக்குவதாகும். புகைக்கூண்டு எழும் இடமும் எப்போதும் ஏழைகள் வசிக்கும் இடமாகவே இருப்பதைக் காண்கிறோம்.

நம் கரையின் கணக்கு

2025-ம் வருஷம் மே மாதம் கொச்சிக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிற்று. அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் அலைமேல் மிதந்து கன்னியாகுமரி ஜில்லாவின் கரைக்கும் வந்து ஒதுங்கின. மாகாண எல்லை கடலுக்குத் தெரியாது. ஆகவே ஆலப்புழைக் கதை அயலார் கதையென்று தமிழர் இருக்க முடியாது.

நம் தலைநகரமான சென்னையும் தன் சர்வோதயபுரங்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலே. மழைநீரைத் தேக்கி நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கும் அந்நிலத்தை 2022-ம் வருஷம் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் நிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருஷம் ஏப்ரல் மாதம் அங்கே குப்பை தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்தது. பல வருஷங்களாகக் கொட்டியதைத் தோண்டிச் சலித்துப் பிரிப்பதற்கு இப்போது கோடிக்கணக்கில் செலவிட நேர்ந்திருக்கிறது. வீட்டு வாசலில் செலவின்றிப் பிரித்திருக்கக் கூடியதை மலையாக்கியபின் கோடி கொடுத்துப் பிரிக்கிறோம்! 2019-ம் வருஷம் ஜனவரி மாதம் முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பலவற்றைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் தடுத்தது நல்ல காரியம். ஆனால் தடை கடைக்காரரைப் பார்த்துச் சொல்வது. பிரித்தல் நம் ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்வது.

பொதுத்தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இது. அறிக்கை விடுவதற்கும் கூட்டம் போடுவதற்கும் முன்பாக ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் ஒரு மீனவர் குப்பமாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே குப்பை எங்கே பிறக்கிறது, எந்த வண்டியில் ஏறுகிறது, எங்கே போய் விழுகிறது என்று அதன்பின்னே நடந்து பாருங்கள். ஈரமும் காய்ந்ததும் வெவ்வேறு வண்டியில் போகும்படி நகரசபையை வற்புறுத்துங்கள். ஈரக் குப்பை வார்டின் எல்லையைத் தாண்டாமல் உரமாகும்படி செய்யுங்கள். அறுந்த வலையையும் பிளாஸ்டிக்கையும் மீனவர் கொண்டுவந்தால் பெற்றுக்கொண்டு பணம் தரும் கூடம் ஒன்று துறைமுகத்தில் இருக்கட்டும். பிரித்தெடுக்கும் தொழிலாளியின் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். அது போதாதென்றால் அதற்காகப் போராடுங்கள். நகரசபைத் தேர்தலில் வோட்டுக் கேட்டு வருபவரிடம், "எங்கள் குப்பை எந்த ஊரார் தலையில் விழுகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது சுயராஜ்யம் என்று நம் முன்னோர் போராடினார்கள். தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ளாத நகரம், பிறர் உழைப்பிலும் பிறர் நிலத்திலும் சுகம் காணும் நகரமே. சர்வோதயபுரத்தார் சாலையில் நின்று இதைத்தான் சொன்னார்கள். ஆலப்புழை அதைக் காதில் வாங்கிக்கொண்டது. நம் ஊர் எல்லையில் லாரி வரும் வழியிலும் ஒரு கிராமம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் சாலைக்கு வந்து நிற்கும்வரை நாம் காத்திருக்கப் போகிறோமா, அல்லது நாளைக் காலை நம் வீட்டுச் சமையலறையில் இரண்டாவது கூடை ஒன்றை வைக்கப் போகிறோமா?